சுருளாண்டிக்குப் போர்த்திய பொன்னாடைகள்

செம்மணல் தேரிக்காட்டில், ஓர் உடைமரத்தடியில், சுருளாண்டி என்ற முள்ளெலி குடியிருந்தது. பார்க்க எலியைவிடக் கொஞ்சம் பெரியது. முதுகு முழுக்க முள். யாராவது கடிக்க வந்தால் தலையையும் காலையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். அதற்குமேல் யாரும் அதை ஒன்றும் செய்ய முடியாது. கடித்துப் பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டுதான் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தச் சுருளாண்டிக்கு ஓர் ஆசை வந்தது. தேரிக்காட்டில் தொடங்கி, ஆற்றைக் கடந்து, பனங்காட்டையும் புல்வெளியையும் தாண்டி, வடகோடியில் இருக்கும் முகில்மலைவரை நடந்தே போய்விட வேண்டும் என்ற ஆசை. இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த விலங்குகளின் நாடு. “எங்கள் நாடு மாதிரி உண்டா!” என்று எல்லாரும் பேசுவார்கள். ஆனால் தேரிக்காட்டு வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை.

சுருளாண்டிக்கு அது உறுத்தியது. “பிறந்த நாட்டை ஒருதடவையாவது சொந்தக் காலால நடந்து பார்க்கணும். அதுக்கப்புறம்தான் எங்க நாடுன்னு வாயைத் திறக்கணும்” என்று சொல்லிக்கொண்டது.

ஆசை வந்ததும் மூட்டை கட்டுகிற ஆள் இல்லை சுருளாண்டி. முதலில் ஆள்காட்டிக் குருவி கண்ணாத்தாளிடம் போய் வழி கேட்டது.

“முகில்மலையா? ஒரே வீச்சுல போயிரலாமே!” என்றது கண்ணாத்தாள்.

“யக்கா, வீசுறதுக்கு எனக்கு இறக்கை ஏது?”

“அட ஆமா! நடக்கிற ஆளுக்கா வழி? அப்போ ஆறு இருக்குடா தம்பி! வெயில் காலத்துல வெறும் மணலா கிடக்கும். மேற்கே மழை பெஞ்சா சொல்லாமக் கொள்ளாம வெள்ளம் வந்துரும். உனக்கு அந்தத் தண்ணியில நீந்தத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்போ மழைக்கு முன்னாடி ஆத்தைத் தாண்டிரு. தாண்டலைன்னா அடுத்த வருஷம்தான்!”

அடுத்த வருஷம் என்பது மனிதர்களுக்குச் சாதாரணம். முள்ளெலிக்கு அப்படி இல்லை. அதன் ஆயுளே நாலைந்து மழைக்காலம்தான். சுருளாண்டி அதில் பாதியைக் கடந்துவிட்டது. இந்த வருஷம் விட்டால் கால் இப்படியே இருக்குமா என்று யார் கண்டது?

அன்றிலிருந்து சுருளாண்டி மளமளவென்று வேலையில் இறங்கியது. வழியில் எங்கே கறையான் புற்று இருக்கிறது, எங்கே குடிக்கத் தண்ணீர் ஊறும், எந்தப் புதரில் வெயிலுக்குப் படுக்கலாம் என்று கண்ணாத்தாளைக் குடைந்து குடைந்து கேட்டு மனப்பாடம் செய்தது. வெயில் தாழ்ந்ததும் வேலிவரை நடந்து திரும்பிக் காலைப் பழக்கியது.

“கையில என்ன கொண்டுபோறே?” என்று கேட்டது கண்ணாத்தாள்.

“ஒண்ணுமில்லை. சாப்பாடு வழியில கிடைக்கும். படுக்க இடம் இருக்கு. எவனாவது வந்தா முதுகு இருக்கு. வேற என்ன வேணும்?”

நல்ல திட்டம். இதைவிட நல்ல திட்டத்தை நீங்களும் நானும் போட்டிருக்க முடியாது. அப்படியே மறுநாள் கிளம்பியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

ஆனால் குள்ளநரி குணசீலன் காதில் செய்தி விழுந்துவிட்டது.

குணசீலன் முன்பு ஒருமுறை சுருளாண்டியைக் கடித்துப் பார்த்த நரிதான். அன்று மூக்கு வீங்கி, பனம்பழத்தைக்கூட நக்க முடியாமல் கிடந்தது. அதையெல்லாம் மறந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. மறந்தவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிவார்களா என்ன!

நரி நேரே உடைமரத்தடிக்கு வந்தது. தள்ளியே நின்று கும்பிட்டது.

“தம்பி சுருளாண்டி! கேள்விப்பட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. நாட்டையே நடந்து தாண்டப் போறியாமே! இம்புட்டுப் பெரிய காரியத்தை இப்படிச் சத்தமில்லாமலா செய்யுறது?”

“நடக்கத்தான போறேன் அண்ணாச்சி. இதுல என்ன சத்தம்?”

“உனக்கு உன் பெருமை தெரியலை! வழியனுப்பு விழா ஒண்ணு வைக்கணும். நாலு பேர் பேசணும். பொன்னாடை போர்த்தணும். நீ சும்மா இரு, எல்லாத்தையும் நான் பார்த்துக்கிடுதேன்!”

வேண்டாம் என்றுதான் சுருளாண்டி சொல்ல நினைத்தது. ஆனால் பொன்னாடை என்ற சொல் காதில் விழுந்ததும் நாக்கு எழும்பவில்லை. முள்ளெலிக்குப் பொன்னாடை போர்த்திய வரலாறு அந்தத் தேரிக்காட்டிலேயே கிடையாது. பக்கத்தில் உட்காரவே எல்லாரும் யோசிப்பார்கள்.

“ஒருநாள்தான அண்ணாச்சி?” என்றது மெதுவாக.

“ஒரே ஒரு நாள்!” என்றது நரி.

அந்த ஒருநாள் ஒருநாளாக இல்லை. பந்தலுக்கு ஓலை வர ஒருநாள் போயிற்று. மயிலுக்கு நேரம் ஒழியவில்லை என்று இன்னொரு நாள் தள்ளிப்போயிற்று. மேற்கே வானம் கறுக்கத் தொடங்கியது. கண்ணாத்தாள் தலைக்கு மேல் பறந்து பறந்து கத்தியது. “ஏய் தம்பி! மேகம் கூடுதுடா! கிளம்புடா!”

“விழா முடிஞ்சதும் கிளம்பிருதேன் யக்கா!”

ஒருவழியாக விழா நடந்தது. முயல் வரவேற்றுப் பேசியது. உடும்பு வேலாயுதம் தலைமை தாங்கியது. “நேரம் இல்லாததால் ஒருசில வார்த்தைகளோடு முடித்துக்கொள்கிறேன்” என்று ஆரம்பித்த உடும்பு, மரத்தின் நிழல் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரும்வரை முடித்துக்கொள்ளவே இல்லை.

பிறகு பொன்னாடை போர்த்தத் தொடங்கினார்கள். பழுத்த பூவரசிலையைத் தைத்த ஆடையை முயல் போர்த்தியது. பனைமரத்து நார்வலையை உடும்பு போர்த்தியது. எருக்கிலையில் செய்ததை மயில் போர்த்தியது. காகம் எங்கேயோ கொடியில் காய்ந்த சரிகைத் துண்டைத் தூக்கிவந்து எல்லாவற்றுக்கும் மேலே போட்டது. கைதட்டல் அடங்கவே இல்லை.

சுருளாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. தன் முதுகு இவ்வளவு அழகாக இருக்கும் என்று அது நினைத்ததே இல்லை. ஏற்புரை சொல்ல எழுந்தது. முயலுக்கு நன்றி சொன்னது. உடும்புக்கு, மயிலுக்கு, காகத்துக்கு, ஓலை சுமந்த ஓணானுக்குக்கூட நன்றி சொன்னது. அந்தப் பூரிப்பில், ஓடியாடி வேலை பார்த்த நரியின் பெயர் மட்டும் விட்டுப்போனது. நரி பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே நின்றது. காது மட்டும் மடங்கிக் கிடந்தது.

விழா முடிந்ததும் சுருளாண்டி ஆடைகளைக் கழற்றப் போனது. உடும்பின் முகம் உடனே சுருங்கிவிட்டது.

“என் பொண்ணு கல்யாணத்துக்கு நீ வரலை. நான் ஏதாவது கேட்டேனா? இன்னைக்கு நான் ஆசையாப் போர்த்தினதை என் கண் முன்னாலயே கழட்டுதியே!”

“ஐயோ, அப்படி இல்லை பெரியப்பா! நடக்க லேசா இருக்கட்டும்னுதான்...”

நரி குறுக்கே வந்தது. “பெரியவர் மனசு நோகலாமா தம்பி? இப்படியே நட! முகில்மலையில இருக்கிறவங்க பார்க்க வேண்டாமா, தேரிக்காட்டு மரியாதை எப்படின்னு? நழுவிராம நான் கட்டி விடுதேன்!” என்று சொல்லி, ஒரு கொடியை எடுத்துச் சுருளாண்டியைச் சுற்றி இறுக்கி முதுகின்மேல் முடிச்சுப் போட்டது. மெத்தை மேல் மெத்தையாகப் போர்த்தியதில் ஒரு முள்ளின் நுனிகூட வெளியே தெரியவில்லை.

அந்த அலங்காரத்தோடு சுருளாண்டி கிளம்பியது. வேலிவரை எல்லாரும் கூட வந்தார்கள். “முகில்மலை வீரன்!” என்று காகம் கத்தியது. சுருளாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. வேலியைத் தாண்டியதும்தான் மூச்சு வாங்கியது. வெயிலே இல்லாத நேரத்திலும் வியர்த்துக் கொட்டியது. ‘கொஞ்சம் கனம்தான். ஆனால் மரியாதை என்றால் கனக்கத்தானே செய்யும்’ என்று தேற்றிக்கொண்டது.

ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது மணல் இன்னும் காய்ந்துதான் கிடந்தது. மேற்கே இடி உருண்டது. சுருளாண்டி உள்ளே இறங்கி நடந்தது. முக்கால் ஆறு தாண்டியிருக்கும். நாணல் புதருக்குப் பின்னாலிருந்து குணசீலன் வெளியே வந்தது.

“என்ன தம்பி, பயணம் எல்லாம் சௌகரியமா?”

அது கேட்ட விதம் சுருளாண்டிக்குப் பிடிக்கவில்லை. சட்டென்று சுருளப் பார்த்தது. முடியவில்லை! இலையும் நாரும் துண்டும் கொடியும் வயிற்றுப் பக்கம் திரண்டு நின்றுகொண்டன. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுச் செருப்பு மாட்டக் குனிகிறவரைப் போலப் பாதியிலேயே நின்றுவிட்டது. இன்னொரு முறை தம் கட்டி முயன்றது. மூக்கு வயிற்றைத் தொடவே இல்லை.

“முக்காதே தம்பி, முக்காதே!” என்று சிரித்தது நரி. “எதுக்கு இத்தனை நாளா நாயாப் பேயா அலைஞ்சேன்னு நினைச்சே? உன் முள்ளைப் பிடுங்க என்னால முடியாது. மூடத்தான முடியும்!”

சுருளாண்டிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தன்னிடம் இருந்தது ஒரே ஒரு ஆயுதம். அதைத் தானே ஊர்கூட்டி மூடிக்கொண்டு வந்திருக்கிறது! ‘கைதட்டலுக்கு ஆசைப்பட்டு உயிரை விடப் போகிறேனே!’ என்று அழுகையே வந்துவிட்டது.

நரி நெருங்கி வந்தது. வந்தது சும்மா வரவில்லை. மனதில் கிடந்ததைக் கொட்டிக்கொண்டே வந்தது.

“விழாவுல பேசுனியே ஒரு பேச்சு! எல்லார் பேரையும் சொன்னே. ஓணான் பேரைச் சொன்னே! என் பேரைச் சொன்னியா? பந்தல் போட்டது யாரு? இலை பறிச்சது யாரு? கூட்டத்தைக் கூட்டினது யாரு? எனக்கு ஒரு சருகையாவது யாராவது போர்த்தினீங்களா?”

சுருளாண்டி காதை நிமிர்த்தியது. கொல்ல வந்த ஆள் பொன்னாடைக் கணக்குப் பேசுகிறதே! அந்த ஆசை எப்படிப்பட்டது என்று சுருளாண்டிக்குத் தெரியாதா? அதன் பாரம்தானே முதுகில் அழுத்திக்கொண்டிருக்கிறது!

“அண்ணாச்சி!” என்றது தொண்டையைச் சரிசெய்துகொண்டு. “தப்புதான். பெரிய தப்பு! உங்களுக்குக் கடைசியில, தனியா, பெருசா செய்யணும்னு நினைச்சிருந்தேன். உடும்புப் பெரியப்பா பேசிப் பேசியே நேரத்தைத் தின்னுட்டாரு.”

நரி நின்றது. “நிஜமாவா?”

“என்னை நீங்க திங்கத்தான போறீங்க. எங்க ஓடிறப் போறேன்? ஆனா மரியாதை செய்யாமப் போய்ச் சேர்ந்தா என் மனசு ஆறாது. மேல கிடக்கிற சரிகைத் துண்டு உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கு. முடிச்சை அவுத்தீங்கன்னா உங்க தோளில போட்டு விடுதேன்.”

நரி யோசித்தது. அது ஒன்றும் மடநரி இல்லை. ‘மேலே கிடப்பது ஒன்று போனால் என்ன? அடியில் இன்னும் எத்தனை கிடக்கிறது!’ என்று கணக்குப் போட்டது. பல்லால் முடிச்சை அவிழ்த்துவிட்டுக் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டது. சுருளாண்டி சரிகைத் துண்டை இழுத்து அதன் தோளில் போட்டது.

“முகில்மலைவரை பேர் பெற்ற, விழா கண்ட வித்தகர் குணசீலன் அண்ணாச்சி அவர்களுக்கு!”

நரிக்கு உச்சி குளிர்ந்தது. “இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு!”

சுருளாண்டி சத்தமாகச் சொன்னது. பிறகு பெருமூச்சு விட்டது.

“என்ன பெருமூச்சு?”

“ஒண்ணுமில்லை அண்ணாச்சி. உடும்புப் பெரியப்பாவுக்குப் போன வருஷம் ரெண்டு போர்த்தினாங்க. உங்களுக்கு ஒண்ணுதான் கிடைச்சிருக்கு. ஊர் கேள்விப்பட்டா என்ன பேசும்னு நினைச்சேன்.”

“அந்தத் தூங்குமூஞ்சிக்கு ரெண்டா! எனக்கு மூணு போடு!” என்று சீறியது நரி.

எருக்கிலைப் பொன்னாடை நரியின் முதுகில் ஏறியது. நார்வலை ஏறியது. இப்போது சுருளாண்டியிடம் பூவரசிலை ஒன்றுதான் பாக்கி.

“மூணு ஆச்சா?” என்று கேட்டது நரி.

“ஆச்சு அண்ணாச்சி. ஆனா இனித்தான் தலைப்பாகை! அது தலைவருக்கு மட்டும்தான் கட்டுவாங்க. உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?”

வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்? நரி தலையை நன்றாகக் குனிந்துகொண்டது. கடைசி ஆடையை உருவிய சுருளாண்டி, அதை நரியின் காதோடும் கண்ணோடும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது.

“எப்படித் தம்பி இருக்கேன்?” என்றது நரி இருட்டுக்குள்ளிருந்து.

“பார்க்கக் கண்கொள்ளலை அண்ணாச்சி!”

“சரி! மரியாதை முடிஞ்சுது. இனி சாப்பாடு!” என்று நரி வாயைப் பிளந்து பாய்ந்தது.

சுருளாண்டி மூச்சை உள்ளே இழுத்தது. தலை வயிற்றுக்குள் போனது, கால் உள்ளே போனது. அந்த வேலையை அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நரி கவ்வியது முழு முள்பந்தை!

“ஐயோ, அம்மா!” என்ற அலறல் இரண்டு கரைக்கும் கேட்டது. மூக்கிலும் நாக்கிலும் உதட்டிலும் ரத்தம். தலைப்பாகை கண்ணை மறைக்க, நார்வலை காலில் சிக்க, நரி விழுந்து எழுந்து தெற்குக் கரையைப் பார்த்து ஓடியது. அங்கே வழியனுப்பிவிட்டு இன்னும் வேலியோரம் நின்ற உடும்பு முதலில் பார்த்தது நரியின் முதுகில் கிடந்த தன்னுடைய நார்வலையைத்தான்.

“நான் சுருளாண்டிக்குப் போர்த்தினது உன் முதுகுக்கு எப்படிவே வந்துச்சு?”

வாய் வீங்கிக் கிடந்த நரியால் பதில் சொல்ல முடியவில்லை. காகமும் மயிலும் முயலும் ஓடிவந்தன. விஷயம் அவர்களுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. அதோடு நரிக்குத் தேரிக்காட்டில் இருந்த வாசம் முடிந்தது.

ஆற்று மணலில் சுருளாண்டி மெல்ல விரிந்து எட்டிப் பார்த்தது. மேற்கே ஒரு சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தது. இடி இல்லை, வெள்ளம்!

“ஓடுடா தம்பி! ஓடு!” என்று தலைக்கு மேல் கண்ணாத்தாள் கத்தியது.

சுருளாண்டி ஓடியது. சருகு போல் லேசாக இருந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் குட்டைக் கால்கள் பறந்தன. நாலு பொன்னாடையோடு அந்த ஓட்டம் ஓட முடியுமா? வடகரை மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, அது நடந்துவந்த மணல்மேல் செந்நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது.

அந்தக் கரையில் ஓர் அணிற்பிள்ளை இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றது. ஓடிப்போய் ஒரு தேக்கிலையைத் தூக்கிவந்தது.

“மாமா, நரியையே விரட்டிட்டு ஆத்தைத் தாண்டி வந்திருக்கீங்க! உங்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்தட்டுமா?”

சுருளாண்டிக்கு ஒரு நொடி சபலம் தட்டத்தான் செய்தது. தேக்கிலை பார்க்க அவ்வளவு பளபளப்பு! பிறகு சிரித்துக்கொண்டே தலையை ஆட்டியது.

“உன் பிரியம் போதும் தாயி. என் முதுகு எனக்கு வேணும்” என்று சொல்லிவிட்டு, முள்ளெல்லாம் காற்றில் சிலிர்க்க, முகில்மலையைப் பார்த்து நடையைக் கட்டியது.

ஆகவே, மரியாதை என்ற பெயரில் யார் கொண்டுவந்து போர்த்தினாலும், நம்முடைய பலத்தையே மூடிவிடுகிற போர்வையை நாம் சுமக்கக் கூடாது.